கல்யாணச் சீரில் ஒரு மாத்திரை அட்டை

(பல்லடத்தில் ஆலைத் தொழிலாளர்களும் பெண்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஷிஃப்ட் முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் தங்கைகளுக்கும், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் ஆத்தாமார்களுக்கும், தறிக்குடோனைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் வணக்கம்.

தாயின் உணவு, குழந்தையின் பிறவிக் குறைபாடு. இந்த இரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உடனே நீங்கள் கர்ப்பிணிப் பெண்ணை நினைத்துக்கொள்வீர்கள். நான் அவளைப் பற்றிப் பேச வரவில்லை. இன்னும் கர்ப்பம் தரிக்காத பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். போன மாதம் கல்யாணம் ஆனவள், அடுத்த மாதம் கல்யாணம் ஆகப்போகிறவள், முதல் குழந்தைக்கு இரண்டு வயதாகி அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கிறவள், இவர்களெல்லாம் இன்று என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

பல்லடத்தில் இதை விளங்க வைப்பது எளிது. கறிக்கோழிக்கு விலை சொல்லும் ஊர் இது. இங்கே குறிக்கும் பண்ணை விலையை வைத்துத்தான் வெளியூர்க்காரர்களும் வியாபாரம் பேசுகிறார்கள். தாய்க்கோழிப் பண்ணை வைத்திருக்கும் ஒருவரிடம், "ஏனுங்க, குஞ்சு நல்லா வர என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். குஞ்சுத் தீவனத்தைப் பற்றி அவர் பேச மாட்டார். தாய்க்கோழித் தீவனத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவார். அதில் விட்டமின் கலவை சேர்ப்பதைச் சொல்வார். அந்தக் கலவைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள், ஃபோலிக் அமிலம் என்று ஒன்று இருக்கும். அது குறைந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே சாகும். உயிரோடு வந்தாலும் அலகு கிளிமூக்குப் போல வளைந்திருக்கும், கால் எலும்பு கோணியிருக்கும். ரிபோஃபிளேவின் என்ற இன்னொரு விட்டமின் குறைந்தால் குஞ்சின் கால்விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். பொரிப்பகத்தில் வேலை செய்கிறவருக்கு இதெல்லாம் பாலபாடம். முட்டை அடைக்கு வந்த பிறகு தாய்க்கோழிக்குத் தீவனம் போட்டால் அந்த முட்டைக்கு அதனால் பயன் உண்டா? கிடையாது. முட்டை உருவாகும் முன்பே தாயின் உடம்பில் அது இருந்தாக வேண்டும்.

கோழிக்குத் தெரிந்து செய்கிற இந்தக் காரியத்தை நம் வீட்டுப் பெண்ணுக்குச் செய்கிறோமா?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பொறுமையாகக் கேளுங்கள், இந்தக் கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது. கரு உண்டான மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப் பக்கத்தில் தட்டையாக ஒரு தகடு தோன்றுகிறது. அதன் இரண்டு ஓரங்களும் மேலெழும்பி, ஒன்றையொன்று தொட்டு, ஒட்டி, ஒரு குழாயாக மூடிக்கொள்கின்றன. அந்தக் குழாயின் மேல்பகுதி மூளையாகிறது, கீழ்ப்பகுதி தண்டுவடமாகிறது. இந்த மூடல் கரு உண்டான 28 நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. கீழே ஓரிடத்தில் மூடாமல் நின்றால் குழந்தை முதுகில் பிளவோடு பிறக்கும். கால் விளங்காமல் போகலாம், மூத்திரமும் மலமும் கட்டுக்குள் நிற்காமல் போகலாம், தலையில் நீர் கோத்துக்கொள்ளலாம். மேலே மூடாமல் நின்றால் மூளையும் மண்டையோடும் வளராது. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை.

சரி, 28 நாள் என்றால் அந்தப் பெண்ணின் காலண்டரில் அது எந்த நாள்? மாதம் தவறாமல் தூரம் ஆகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரு உண்டாகி இரண்டு வாரம் கழித்துத்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போகிறது. தள்ளிப்போய் இன்னும் இரண்டு வாரம் ஆகும்போது குழாய் மூடி முடிந்துவிட்டது. அந்த இரண்டு வாரத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கும்? "அலைச்சலா இருக்கும், இன்னும் நாலு நாள் பார்ப்போம்" என்று அவளே நினைப்பாள். மாமியாரிடம் சொல்லக் கூச்சப்படுவாள். ஊட்டுக்காரருக்குக்கூட உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று இருப்பாள். அவள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் போய்ப் பதிவு செய்யும்போது, அந்த வேலை முடிந்து பல நாள் ஆகியிருக்கும்.

நம் வழக்கத்தைப் பாருங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. நம் கொங்கு நாட்டில் கட்டுச்சோறு. பிறந்த வீட்டார் வகை வகையாகச் சோறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு, பலகாரம், பழம். அங்கன்வாடியில் அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்குச் சதை பிடிக்கிறது, எடை கூடுகிறது. அப்போது தாய்க்கு வயிறாரச் சோறு போடுவது நல்ல காரியம். ஆனால் முதுகெலும்பின் கதை அதற்கு ஐந்தாறு மாதம் முன்பே முடிந்துவிட்டது. ஊர் கூடி ஊட்டும் அந்த விருந்தில் ஒரு கவளம்கூட அந்தக் குழாய்க்குப் போய்ச் சேராது.

அந்தக் குழாய் சரியாக மூடத் தேவையானதும் தாய்க்கோழித் தீவனத்தில் பார்த்த அதே ஃபோலிக் அமிலம்தான். அது எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரன் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கதையில் பாதி நம் மண்ணில் நடந்தது. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் குன்னூர். அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் உணவுக் குறைபாட்டு நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தவர் அவர். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் தின்ற பஞ்சாப் எலிகள் முதலிடத்தில் வந்தன. தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற சென்னை மாகாண எலிகள் கடைசியில் நின்றன. நமக்கு மானக்கேடுதான், என்ன செய்ய?

அந்தக் குன்னூருக்கு 1929-இல் ஒரு பெண் வந்தார். லூசி வில்ஸ், இங்கிலாந்துக்காரர், ரத்த நோய் ஆய்வாளர். பம்பாயில் பிரசவத்தில் ஏன் இத்தனை பெண்கள் சாகிறார்கள் என்று கண்டுபிடிக்க 1928-இல் இந்தியா வந்தவர். அவர் பார்த்த பெண்களில் பலர் யார் தெரியுமா? துணி ஆலைத் தொழிலாளிகள். தங்கைகளே, உங்களைப் போன்றவர்கள். கர்ப்பத்தில் அவர்களுக்கு ரத்தம் கடுமையாக வற்றியது, வெளுத்துச் சோர்ந்து செத்தார்கள். கிருமி காரணமா என்று வில்ஸ் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு அவர்கள் சாப்பாட்டைப் பார்த்தார். காயும் பழமும் பாலும் எட்டாத பெண்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் என்று கண்டார். அந்தச் சாப்பாட்டையே எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். ஈஸ்ட் சத்து சேர்த்தபோது நோய் விலகியது. மார்மைட் என்று இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்னும் மலிவான ஈஸ்ட் பசைதான் அது. அதைப் பெண்களுக்குக் கொடுத்தார், எழுந்து உட்கார்ந்தார்கள். 1931-இல் சென்னையில் அன்றைய கோஷா ஆஸ்பத்திரியிலும் இந்த வேலையைத் தொடர்ந்தார். இன்று திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்றால் உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார். ஈஸ்டில் இருக்கும் பெயர் தெரியாத அந்தப் பொருளை உலகம் பத்தாண்டு காலம் வில்ஸ் காரணி என்றே சொல்லியது.

பிறகு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்ற அந்தப் பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியது யார்? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். காந்தி சொன்னார் என்று கதர் அங்கி போட்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப்பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான பட்டத்தோடு வெளியே வந்தவர். அவருடைய சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய் கொண்டுபோனது. ஃபோலிக் அமிலம் தீர்க்கக்கூடிய நோய்களில் அதுவும் ஒன்று. அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பம்பாய் ஆலைப் பெண், குன்னூர் மலை, சென்னை ஆஸ்பத்திரி, சென்னையில் படித்த ஒரு மருத்துவர். இத்தனையும் நம் பக்கத்துக் கதை. பலன் மட்டும் நம் பெண்களின் கைக்கு வரத் தாமதமாகிறது.

ரத்தத்துக்கான மருந்து முதுகெலும்புக்கும் வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையில் ஹாலந்து பட்டினி கிடந்தது. அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவான குழந்தைகளில் நரம்பு மண்டலக் குறையோடு பிறந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். 1960-களில் இங்கிலாந்தில் ஹிப்பார்ட், ஸ்மிதெல்ஸ் என்ற மருத்துவர்கள் ஃபோலிக் அமிலக் குறையின் மேல் சந்தேகம் கொண்டார்கள். சந்தேகம் உறுதியானது 1991-இல். ஏழு நாடுகளில், முன்பு ஒரு முறை இந்தக் குறையோடு குழந்தை பெற்ற தாய்மாரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 1,195 கர்ப்பங்களில் 27 குழந்தைகளுக்கு மறுபடி அதே குறை. ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களிடம் எத்தனை? 6. சாப்பிடாதவர்களிடம்? 21. பாதியளவு பெண்களுக்கு இனியும் மாத்திரை கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று சோதனையையே பாதியில் நிறுத்தினார்கள்.

அந்த 6 என்ற எண்ணை மறந்துவிட வேண்டாம். மாத்திரை சாப்பிட்டும் ஆறு பேருக்கு வந்திருக்கிறது. பரம்பரை உண்டு, சர்க்கரை நோய் உண்டு, நமக்கு இன்னும் பிடிபடாத காரணங்கள் உண்டு. ஃபோலிக் குறைந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் நல்ல குழந்தையைத்தான் பெறுகிறார்கள். ஆகவே, இப்படியொரு குழந்தை பிறந்த வீட்டில் போய், "நீ என்னத்தத் தின்னே, அதான் இப்படி" என்று எவராவது சொன்னால் அது பாவம். கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று சொன்ன வாய்க்கும் இந்த வாய்க்கும் வித்தியாசமில்லை. முதுகுப் பிளவோடு பிறந்து படித்து வேலைக்குப் போகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சமூகம் செய்ய வேண்டியது வேறு, அது தனியே பேச வேண்டிய பெரிய பேச்சு.

இப்போது சீனாவுக்குப் போவோம். 1993 முதல் 1995 வரை அங்கே செய்ததைத்தான் நான் பல்லடத்துக்குச் சொல்ல வந்தேன். அங்கே கல்யாணத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்கு வரும் பெண்களிடம், அன்றிலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை ஒன்று சாப்பிடச் சொன்னார்கள். கர்ப்பமான பிறகு அல்ல, கல்யாணத்துக்கு முன்பே. சுமார் 2,50,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். இந்தக் குறை அதிகம் இருந்த வடபகுதியில் ஆயிரம் பிறப்புக்கு 4.8 என்று இருந்தது, சரியாக மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 1.0 ஆகக் குறைந்தது. இந்தியாவில் ஆயிரத்துக்கு நான்கு என்ற அளவில் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஏற்பாடு எப்படி? மோசம் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகம், 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை என்று எத்தனையோ இருக்கிறது. ஆனால் இவ்வளவும் எங்கே தொடங்குகிறது? கர்ப்பம் பதிவான பிறகு. பத்திலிருந்து பத்தொன்பது வயது வரை வாரம் ஒரு நீல இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் கொடுக்கிறார்கள். இருபது வயதுக்கு மேல் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு வாரம் ஒரு சிவப்பு மாத்திரை என்று திட்டம் தாளில் இருக்கிறது. இந்த அவையில் அதை வாரா வாரம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். பள்ளியை விட்டதிலிருந்து கர்ப்பமாகிப் பதிவு செய்யும் வரை நடுவில் ஒரு பாலம் இல்லை. முதுகெலும்பு உருவாகும் நாள் அந்த இடைவெளியில்தான் விழுகிறது.

"மாத்திரை எதற்குங்க, நாங்க நல்ல சாப்பாடு சாப்பிடறோம்" என்று ஓர் ஆத்தா கேட்கலாம். நியாயமான கேள்வி. கம்பஞ்சோறும் தட்டைப்பயறும் பண்ணைக்கீரையும் பச்சைப்பயறுக் கடைசலும் சாப்பிட்டு வளர்ந்தவர் அவர். தட்டைப்பயறு 100 கிராமில் 200 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் ஃபோலேட், அதாவது உணவில் இயற்கையாக இருக்கும் ஃபோலிக் அமில வகை, இருக்கிறது. கீரையில் உண்டு, நிலக்கடலையில் உண்டு, முட்டையில் உண்டு. ஆனால் அது தண்ணீரில் கரைந்துபோகும், கொதியில் அழியும். கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் பாதி சாக்கடைக்குப் போகிறது. கொள்ளு வேகவைத்த தண்ணீரையே ரசம் வைக்கும் நம் வழக்கம் இருக்கிறதே, அது கெட்டிக்காரத்தனம். கர்ப்பத்தில் கொள்ளு சூடு என்று பயந்தால் விடுங்கள், பச்சைப்பயறு சாப்பிடுங்கள். ஆனால் ஆத்தா சாப்பிட்டதையா பேத்தி சாப்பிடுகிறாள்? மில் ஹாஸ்டலில் காலையில் இட்லி, மதியம் சோறும் தண்ணீராய் ஒரு சாம்பாரும், ராத்திரி ஷிஃப்ட் என்றால் டீயும் பன்னும். பனியன் கம்பெனிக்கு ஏழு மணி பஸ் பிடிக்க ஓடுகிறவள் காலையில் சாப்பிடுகிறாளா என்பதே கேள்வி. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. லூசி வில்ஸ் பார்த்த ஆலைப் பெண்ணுக்கும் இவளுக்கும் நடுவில் ஏறத்தாழ நூறாண்டு ஓடிவிட்டது.

ரேஷன் அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-இல் நம் ரேஷன் கடைகளுக்குச் செறிவூட்டிய அரிசி வந்தது. பிளாஸ்டிக் அரிசி என்று சொல்லிப் பொறுக்கி எறிந்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அது பிளாஸ்டிக் அல்ல, அரிசி மாவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்துச் செய்த மணி. எறியாதீர்கள். ஆனால் அதை நம்பி மட்டும் இருந்துவிடவும் முடியாது. ஒரு கிலோவில் 75 முதல் 125 மைக்ரோகிராம்தான் ஃபோலிக் அமிலம் சேர்க்க விதி. ஒரு பெண் நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் கிடைப்பது சுமார் முப்பது மைக்ரோகிராம். தேவை 400. அமெரிக்காவில் 1998 முதல் மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் கட்டாயம் சேர்க்கிறார்கள். இரண்டு கணக்கும் உங்கள் முன்னால் இருக்கிறது.

மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும், பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும் என்ற பேச்சு கிராமத்தில் நடமாடுகிறது. இரண்டும் பொய். இரும்பு மாத்திரையால் மலம் கருக்கும், பிள்ளை கருக்காது. ஃபோலிக் மாத்திரையால் அதுவும் இல்லை.

சிலர் மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். முன்பு இந்தக் குறையோடு குழந்தை பிறந்திருந்தால் 400 மைக்ரோகிராம் போதாது, அதைப்போல் பத்து மடங்கு மருத்துவர் எழுதித் தருவார். வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். சில வலிப்பு மருந்துகள் இந்தக் குறையை உண்டாக்கும், ஆனால் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுக் குழந்தையைப் பற்றி யோசியுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சாப்பிடும் காலத்தில் கர்ப்பமே ஆகக் கூடாது. இது எல்லாக் கல்லூரிப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. வீட்டில் அயோடின் உப்பா என்று பாக்கெட்டைப் பாருங்கள், அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும்.

இனி நான் கேட்பது. மில் முதலாளிமாரே, ஆயிரம் பெண் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வைத்திருக்கிறீர்கள். வாரம் நாலு நாள் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு கீரையும் போடுங்கள். உங்கள் ஆலை மருத்துவ அறையில் ஃபோலிக் மாத்திரை வையுங்கள். ஆலையில் கல்யாணத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுக்கும் பெண்ணிடம் அந்த விடுப்புத் தாளோடு மாத்திரை அட்டையையும் கொடுங்கள். மருத்துவமனைக்காரர்களே, நாள் தள்ளிப்போனவளுக்காக மட்டும் காத்திருக்க வேண்டாம். முதல் குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாயிடம், அடுத்த குழந்தை எப்போது என்று கேட்டு இந்த மாத்திரையைச் சொல்லுங்கள்.

மாமியார்மாரே, கடைசியில் உங்களிடம் வருகிறேன். உங்கள் சொல்தான் வீட்டில் செல்லும். சீர்த்தட்டில் பட்டுப்புடவை வைக்கிறீர்கள், வெள்ளிச் சாமான் வைக்கிறீர்கள், பூவும் மஞ்சளும் வைக்கிறீர்கள். அதோடு ஒரு மாத்திரை அட்டை வையுங்கள். "தினம் ஒண்ணு போட்டுக்கோ அம்மணி, இப்பவே ஆரம்பி" என்று மருமகளிடம் நீங்கள் சொன்னால் அவள் கூச்சப்பட மாட்டாள். கரு உண்டாவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது தொடங்கி, மூன்றாம் மாதம் முடியும் வரை சாப்பிடட்டும். வரும் முகூர்த்தத்தில் உங்கள் வீட்டில் கல்யாணம் என்றால், பத்திரிகை வைக்கப் போகிற வழியில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இறங்கி, கிராம சுகாதாரச் செவிலியரிடம், எங்கள் பெண் இன்னும் கர்ப்பமாகவில்லை, ஆனாலும் ஃபோலிக் மாத்திரை வேண்டும் என்று கேளுங்கள். அங்கே இல்லையென்றால் மருத்துவரைக் கேட்டு மருந்துக்கடையில் வாங்குங்கள்.